பாலில் மிதக்கும் குழல்



கித்தாத் தோட்டத்தில் மரம் வெட்டியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மெட்ரோலாக் என்ற பெயரைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியும் முன்னே வெட்டு. வெயில் ஏறியதும் பால் சேர்ப்பு. பிறகு காண்டா வாளியைத் தோளில் சுமந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கு நடை. அங்கே பாலை நிறுத்தபின் கிராணியார் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, தண்ணீர் கலந்து, உயரமான ஒரு குவளையில் ஊற்றுவார். அடியில் பருத்தும் மேலே ஒல்லியாகவும் இருக்கும் ஒரு குழலை அதற்குள் மெல்ல விடுவார். அது இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடி ஓரிடத்தில் நிற்கும். குனிந்து பார்த்து ஓர் எண்ணைப் புத்தகத்தில் எழுதுவார். அவ்வளவுதான், அடுத்த ஆள்.

தராசின் முள்ளை எல்லாருக்கும் படிக்கத் தெரியும். வாளியில் இருபது கிலோ என்றால் இருபது கிலோ. ஆனால் அந்த இருபது கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அதற்குள் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதைச் சொல்வது அந்தக் குழல். ஒரு குழல் மிதக்கும் உயரத்தைப் பார்த்து, பாலுக்குள் ஒளிந்திருக்கும் ரப்பரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதை அறிய வேண்டுமானால், பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்ற பழைய கேள்வியிலிருந்து நாம் தொடங்க வேண்டும்.

நிபோங் திபால் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். நிபோங் என்ற பனை இனம் அடர்ந்து நின்ற இடம் என்பதே ஊர்ப் பெயரின் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சுற்று வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பேர் போனது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் இங்கே முதலில் வெட்டியது கரும்பைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய்க் கித்தா வந்தது. பிறகு கித்தா நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. இந்த மூன்று பயிர்களுக்கும் ஆலையில் நடக்கும் வேலையைப் பார்த்தால், எங்கேயாவது ஏதாவது ஒன்று மிதந்துகொண்டே இருக்கும். அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் ஒரு வாளியைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில், வெறும் வாளியின் அடிப்பக்கத்தை வைத்துக் கீழே அமுக்கிப் பாருங்கள். வாளி எதிர்க்கும். ஆழமாக அமுக்க அமுக்க எதிர்ப்பும் கூடும். கையை எடுத்தால் மேலே எழும்பி வந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக இருக்கும். வாளி நீர்மட்டத்தை விட்டு வெளியே வந்ததும் தோள் இழுபடும். வாளியும் அதே வாளி, தண்ணீரும் அதே தண்ணீர். உள்ளே இருந்தபோது யாரோ கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்?

தாங்கியது தண்ணீர்தான். எப்படி என்றால், தொட்டியின் நடுவே ஒரு வாளி அளவுத் தண்ணீரை மனத்தால் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வோம். அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு. ஆனாலும் அது கீழே விழுவதில்லை, மேலே எழுவதுமில்லை, அசையாமல் நிற்கிறது. சுற்றியிருக்கும் தண்ணீர் அதன் எடையைச் சரியாகத் தாங்கி நிற்பதே காரணம். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடும். ஆகையால் மேலேயிருந்து அமுக்குவதைவிடக் கீழேயிருந்து தள்ளுவது அதிகம். இப்போது கோடு போட்ட அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே அளவு இரும்பை வைக்கிறோம் என்று கொள்வோம். சுற்றியிருக்கும் தண்ணீருக்கு உள்ளே இருப்பது இன்னது என்று தெரியாது. முன்பு தாங்கிய அதே பலத்தோடு இதையும் தாங்கும். அதாவது, எவ்வளவு தண்ணீரை விலக்கிவிட்டு ஒரு பொருள் இடம் பிடிக்கிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான பலம் அந்தப் பொருளை மேலே தூக்கும். இதை மிதப்பு விசை என்கிறோம்.

இதை முதலில் கணக்காகச் சொன்னவர் சிசிலித் தீவில் சிராக்கியூஸ் நகரத்தில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ். கிறிஸ்து பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். அவர் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடிய கதை எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் அவருடைய சொந்த நூல்களில் அந்தக் கதை இல்லை; பின்னால் வந்தவர்கள் சொன்னது. மிதக்கும் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இருக்கிறது. ஓடினாரோ இல்லையோ, கணக்கு சரியானது.

ஒரு லிட்டர் அளவுள்ள இரும்புக் கட்டி சுமார் 7.8 கிலோ எடை. அது தண்ணீரில் மூழ்கினால் ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கும். அந்தத் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் ஒரு கிலோ பலத்தோடு தூக்கும், மீதி 6.8 கிலோவைத் தாங்க ஆள் இல்லை, மூழ்குகிறது. ஒரு லிட்டர் காய்ந்த ரப்பர் சுமார் 920 கிராம்தான். முழுதும் மூழ்கினால் தண்ணீர் 1,000 கிராம் பலத்தோடு தூக்கும். எடையைவிடத் தூக்குவது அதிகம், அதனால் மேலே வருகிறது. கொஞ்சம் தலை நீட்டி, 920 கிராம் தண்ணீரை மட்டும் விலக்கும் நிலையில் அமைதியாக நிற்கிறது. மிதக்கும் எந்தப் பொருளும் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரையே விலக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோலாக்கின் முழு இரகசியமும் இதற்குள் இருக்கிறது.

இங்கே பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள். இரும்பு மூழ்கும் என்றால் இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது? பால் பிடிக்கும் மங்கைக் கொண்டு பதில் சொல்லலாம். பழைய பீங்கான் மங்கு ஒன்று வீட்டில் கிடந்தால், வாய் மேலே இருக்கும்படி அதைத் தொட்டித் தண்ணீரில் மெல்ல வையுங்கள். மிதக்கும். சற்றே சாய்த்துத் தண்ணீர் புகவிடுங்கள். அடியில் போய் உட்காரும். பீங்கான் மாறவில்லை, எடையும் மாறவில்லை. வாய் மேலே இருந்தபோது மங்கின் சுவர் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது. பீங்கானும் அதற்குள் இருந்த காற்றும் சேர்ந்து பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, தேவையான தண்ணீரை விலக்கின. தண்ணீர் புகுந்ததும் பீங்கான் பிடித்த சிறிய இடம் மட்டுமே மிச்சம். கப்பலும் பெரியதொரு மங்குதான்.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கில் இறங்கிய கப்பல்களை நினைத்துப் பாருங்கள். 1926-ல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை அந்தக் கடலில் போய்வந்தது. ஒவ்வொரு பயணியும் மூட்டை முடிச்சோடு ஏறும்போது கப்பல் அந்த எடைக்கு ஏற்ற தண்ணீரை விலக்குவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அலை தளத்தின் மேல் அடிக்கும்; மங்கின் கதைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் சிலர் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, பழைய கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கப்பல் மூழ்கினால் அவர்களுக்குக் காப்புறுதிப் பணம் வரும். மாலுமிகளின் வீட்டுக்கு எதுவும் வராது. சாமுவேல் பிலிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்துப் போராடி, 1876-ல் ஒரு சட்டம் வரச் செய்தார். கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும், அது தண்ணீரில் மூழ்கும்படி சரக்கேற்றக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதைச் சட்டம் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டிருந்தது! கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே முடிவு செய்தது 1890-ல். இடையில் பதினான்கு ஆண்டுகள், விரும்பிய இடத்தில் கோடு. அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது, அதில் கோடு போட்டவர் யார், எப்படிப் போட்டார் என்பதையும் கேட்க வேண்டும் என்று அந்த மாலுமிகளுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றும் கப்பலின் பக்கத்தில் பிலிம்சால் கோடுகளைக் காணலாம். ஒரு கோடு அல்ல, பல கோடுகள். கடல் தண்ணீருக்கு ஒன்று, ஆற்றுத் தண்ணீருக்கு ஒன்று. ஏனெனில் எல்லாத் தண்ணீரும் ஒரே கனம் அல்ல. ஆற்று நீர் ஒரு லிட்டர் 1,000 கிராம் என்றால், உப்புக் கரைந்த கடல் நீர் சுமார் 1,025 கிராம். கடலிலிருந்து மீன் படகு ஒன்று கிரியான் ஆற்றுக்குள் நுழைந்து நிபோங் திபால் பக்கம் வருகிறது என்று கொள்வோம். படகும் மீனும் ஆளும் சேர்ந்து பத்து டன். எடை மாறவில்லை. கடலில் சுமார் 9,750 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதுமாக இருந்தது. உப்பில்லாத ஆற்று நீர் வந்ததும் 10,000 லிட்டர் விலக்க வேண்டும். அதற்குப் படகு இன்னும் சற்றுக் கீழே இறங்கியாக வேண்டும். இலேசான நீரில் அதிகமாக அமிழும். கனமான நீரில் உயர்ந்து நிற்கும். படகோட்டி ஒன்றும் செய்யவில்லை. படகே தண்ணீரை அளந்து சொல்கிறது.

இப்போது நாம் பால் கொட்டகைக்குத் திரும்பலாம். மெட்ரோலாக் ஒரு சின்னப் படகு.

கித்தாப் பாலில் இரண்டு பங்காளிகள். ஒன்று ரப்பர், நுண்ணிய துளிகளாக மிதந்துகொண்டிருப்பது, லிட்டருக்குச் சுமார் 920 கிராம். மற்றது அந்தத் துளிகள் மிதக்கும் நீர். அதில் புரதமும் உப்பும் வேறு சிலவும் கரைந்திருப்பதால் வெறும் தண்ணீரைவிடச் சற்றுக் கனம், லிட்டருக்குச் சுமார் 1,020 கிராம். மரத்திலிருந்து வந்த பாலில் ரப்பர் பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை. இரண்டும் சேர்ந்த பால் லிட்டருக்குச் சுமார் 980 கிராம் வரும். அதாவது பால் தண்ணீரைவிட இலேசு. ரப்பர் கூடக் கூடப் பால் இன்னும் இலேசாகும். தண்ணீர் கூடினால் கனமாகும். ஆகவே நல்ல பாலில் மெட்ரோலாக் ஆழமாக அமிழும். தண்ணீர்ப் பாலில் உயர்ந்து நிற்கும். அதனால்தான் அதன் தண்டில் பெரிய எண்கள் மேலேயும் சிறிய எண்கள் கீழேயும் இருக்கின்றன.

வீட்டில் மாடு வளர்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மாட்டுப் பால் தண்ணீரைவிடக் கனம்; லிட்டருக்குச் சுமார் 1,030 கிராம். அதில் தண்ணீர் கலந்தால் இலேசாகும். பால்மானி ஆழமாக இறங்கும். கித்தாப் பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் மேலே ஏறும். இரண்டும் பால்தான், இரண்டும் வெள்ளைதான், ஆனால் தண்ணீர் செய்யும் வேலை நேர்மாறு. கரும்புச் சாறு மாட்டுப் பாலின் கட்சி. சர்க்கரை கூடக் கூடச் சாறு கனமாகும், மிதவை உயர்ந்து நிற்கும்.

இனி, தண்டு ஏன் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது? இதில் ஒரு நயம் உண்டு. 980 கிராம் பாலில் சரிபாதி தண்ணீர் ஊற்றினாலும் லிட்டருக்கு 990 கிராம்தான் ஆகும். ரப்பர் பாதியாகிவிட்டது, எடையில் வித்தியாசம் பத்தே கிராம்! இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். 100 கிராம் எடையுள்ள ஒரு குழலை முதல் பாலில் விட்டால் அது 102 மில்லிலிட்டர் விலக்கும், இரண்டாவதில் 101. வித்தியாசம் ஒரு மில்லிலிட்டர். தண்டு கட்டை விரல் கனத்தில் இருந்தால் அந்த ஒரு மில்லிலிட்டருக்கு அது மூன்று மில்லிமீட்டர்தான் நகரும். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஒல்லித் தண்டாக இருந்தால் ஐந்து சென்டிமீட்டர் நகரும். சின்ன மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காகவே தண்டை ஒல்லியாக்கினார்கள். ஆனால் ஒல்லித் தண்டு சின்னத் தவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். நம் வீட்டு வரவு செலவைத் தொடும் இடம் இதுதான்.

வெட்டிய பால் கெட்டியாக இருப்பதால் குழல் அதில் தாராளமாக ஆடி நிற்காது. ஆகவே ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வரும் எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். குழல் 110 காட்டினால் லிட்டருக்கு 330 கிராம் ரப்பர். உங்களிடம் இருபது லிட்டர் பால் இருந்தால் 6.6 கிலோ. குழலை 105 என்று படித்துவிட்டால்? மூன்றால் பெருக்க 315. இருபது லிட்டருக்கு 6.3 கிலோ. ஒரு நாளைக்கு 300 கிராம் போனது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 7.5 கிலோ ரப்பர். படிப்பதில் ஐந்து கோடு தவறினால் இவ்வளவு. படிக்கும் கண்ணைப் பால் மட்டத்துக்கு நேராக வைக்காமல் மேலே நின்று சாய்வாகப் பார்த்தாலே கோடு மாறிவிடும்.

தண்ணீர் கலப்பதிலும் கவனம் வேண்டும். இரண்டு பங்கு என்பது அளவுக் குவளையால் இரண்டு பங்கு. கண் மதிப்பு அல்ல. தண்ணீர் சற்றுக் கூடினால் எண் குறையும். பெருக்குவது என்னவோ அதே மூன்றால். நுரையும் ஒரு தொல்லை. பாலை உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழ்கள் உள்ளே தங்கும். அவை பாலை இலேசாக்கிக் காட்டும். குழல் அதிகமாக அமிழ்ந்து எண் கூடும். வெப்பமும் அப்படியே. காலை வேளைக்கும் நண்பகலுக்கும் ஐந்து டிகிரி சூடு ஏறினால் தண்ணீர் லிட்டருக்கு ஒன்றரைக் கிராம் இலேசாகும். பாதிப் பங்கு தண்ணீரே பத்துக் கிராம்தான் மாற்றும் என்று பார்த்தோமே, அதற்கு முன்னால் ஒன்றரைக் கிராம் சிறிதல்ல.

எல்லாவற்றிலும் நுட்பமானது அழுக்கு. கழுவாத குழலில் பால் ஒட்டிக் காய்ந்து ரப்பர்ப் படலமாகிவிடும். அந்தப் படலம் பால் மட்டத்துக்கு மேலே தண்டில் ஒட்டியிருந்தால், அது வெறும் சுமை. குழல் கீழே அமிழும், எண் கூடும், நட்டம் நிர்வாகத்துக்கு. அதே படலம் கீழே பருத்த பகுதியில் ஒட்டியிருந்தால் கதை வேறு. காய்ந்த ரப்பர் பாலைவிட இலேசு. அது சுமையாக இராமல் குழலுக்குக் கட்டிய சுரைக்குடுக்கையாக மாறி மேலே தூக்கும். எண் குறையும், நட்டம் மரம் வெட்டியவருக்கு. ஒரே அழுக்கு, ஒட்டிய இடத்தைப் பொறுத்து ஒருவர் பக்கம் சாய்கிறது. துடைத்த துணியும் சுத்தமான தண்ணீரும் இருந்தால் இருவருக்கும் நியாயம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் மெட்ரோலாக் சொல்வது நெருங்கிய மதிப்பே. மர இனம் மாறினால், மழை நீர் மங்கில் விழுந்தால், பால் உறையாதிருக்க மருந்து சேர்த்தால் பாலின் நீர்ப் பகுதியும் சற்று மாறும். குழலுக்கு அது தெரியாது. சந்தேகம் வந்தால் முடிவான சோதனை வேறு. பாலை நன்றாகக் கலக்கி, அதில் கொஞ்சத்தை நிறுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தாளாக அழுத்தி, கழுவி, காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். முதல் நிறையில் எத்தனை பங்கு மிச்சமோ அதுவே உண்மையான ரப்பர். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அதில் மிதப்பும் இல்லை, கோடும் இல்லை, தராசு மட்டுமே. சிறு தோட்டம் வைத்துப் பாலாக விற்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது மெட்ரோலாக் எண்ணை இந்தச் சோதனையோடு ஒப்பிட்டுக் காட்டும்படி வாங்குபவரிடம் கேட்கலாம். கேட்பது குற்றம் சாட்டுவதாகாது.

செம்பனை ஆலைக்குள் போனால் மிதப்பு இன்னும் பெரிய அளவில் வேலை செய்வதைக் காணலாம். பழத்தை அவித்துப் பிழிந்த சாற்றில் எண்ணெய், தண்ணீர், நார், மண் எல்லாம் கலந்திருக்கும். சூடான பெரிய தொட்டியில் அதை நிற்க விட்டால் இலேசான எண்ணெய் மேலே வரும், சகதி அடியில் தங்கும். மேலே வந்ததை வழித்தெடுக்கிறார்கள். நம் வீட்டுக் குழம்பில் எண்ணெய் மேலே நிற்பதும் இதே கதைதான்.

கொட்டையை உடைத்தபின் பருப்பையும் ஓட்டையும் பிரிப்பது அதைவிடச் சுவையானது. செம்பனைப் பருப்பு லிட்டருக்குச் சுமார் 1,070 கிராம். ஓடு அதைவிடக் கனம். சாதாரணத் தண்ணீரில் போட்டால் இரண்டும் மூழ்கிவிடும், பிரிக்க முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீரில் களிமண்ணைக் கரைத்து, லிட்டருக்குச் சுமார் 1,120 கிராம் வரும்படி தண்ணீரையே கனமாக்கினார்கள். இப்போது பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும். பல ஆலைகளில் களிமண்ணுக்குப் பதில் சுண்ணாம்புத் தூள் பயன்படுகிறது. வேறு சில ஆலைகளில் தண்ணீரை வேகமாகச் சுழலவிட்டுப் பிரிக்கிறார்கள். பொருளை மாற்ற முடியாதபோது தண்ணீரை மாற்றுவது என்ற இந்த யோசனை நம் உழவர்களுக்கும் தெரிந்ததே. ஆற்றுக்கு அப்பால் பாரிட் புந்தார் பக்கம் வயல் வேலை செய்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். தமிழ்நாட்டில் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க உப்புத் தண்ணீரில் போடுவார்கள். உப்பு போதுமா என்று பார்க்க அதில் புது முட்டை ஒன்றை விடுவார்கள். முட்டை மிதந்தால் தண்ணீர் தயார். மணி பிடித்த நெல் மூழ்கும், பதர் மிதக்கும்.

இந்த முட்டைச் சோதனையைப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே செய்து காட்டலாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் புது முட்டையை விட்டால் அடியில் கிடக்கும். உப்பை ஒவ்வொரு தேக்கரண்டியாகப் போட்டு மெல்லக் கலக்குங்கள். ஐந்தாறு கரண்டி கரைந்ததும் முட்டை எழும்பி வரும். நாட்பட்ட முட்டை உப்பே இல்லாமல் மிதக்கும். நாளாக ஆக முட்டையின் ஈரம் ஓட்டின் வழியாக வெளியேறிக் காற்று அந்த இடத்தைப் பிடிக்கிறது. முட்டையின் அளவு மாறுவதில்லை, எடை குறைகிறது. கடைக்காரர் புதிது என்று சொல்லிக் கொடுத்த முட்டையையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்!

கடைசியாக நம் உடம்பு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறும் வாய்க்காலும் குளமும் விளையாட்டு இடம். ஆகையால் இந்தக் கணக்கைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மூச்சை நன்றாக இழுத்து வைத்திருக்கும்போது மனித உடம்பு தண்ணீரைவிடச் சிறிதே இலேசு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மிச்சமாகக் கிடைக்கும் தூக்கு பலம் ஏறக்குறைய ஒரு கிலோதான். மூச்சை விட்டால் அதுவும் போய்விடும். பலர் மூழ்கத் தொடங்குவார்கள். அந்த ஒரு கிலோவைக் கொண்டு முகத்தை மட்டுமே தண்ணீருக்கு வெளியே வைத்திருக்க முடியும். நாலைந்து கிலோ எடையுள்ள தலை முழுவதையும் வைத்திருக்க முடியாது. பயந்துபோன பிள்ளை என்ன செய்யும்? இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கும். பெரியவர் ஒருவரின் இரண்டு கைகளும் சேர்ந்தால் ஏறக்குறைய ஆறு கிலோ. தண்ணீருக்குள் இருந்தவரை அந்த ஆறு கிலோவைத் தண்ணீர் தாங்கியது. வெளியே வந்ததும் அது தலைமேல் வைத்த பாரம். கை மேலே போனதும் முகம் கீழே போகும். கையைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, மல்லாந்து, முகத்தை மேலே காட்டி, நெஞ்சில் மூச்சைப் பிடித்து மிதக்க வேண்டும். கரையில் ஒரு பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டு இதைப் பழக்க வேண்டும். நீந்தக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் மிதக்கக் கற்றுக்கொடுங்கள்.

தண்ணீரில் தத்தளிப்பவரைக் கண்டால், நீந்தத் தெரியாதவர்கள் உடனே குதித்துவிடக் கூடாது, இருவராகப் போய்விடும். மிதக்கும் பொருளைத் தேடுங்கள். நம் வீடுகளில் ஐந்து கிலோ சமையல் எண்ணெய் வரும் வெற்று போத்தல் இருக்கும். மூடியை இறுக்கி எறிந்தால் அது ஐந்து கிலோவுக்கு மேல் தாங்கும். முகத்தை வெளியே வைக்க அது தாராளம். இரண்டு போத்தலைக் கயிற்றால் கட்டி மறு முனையைக் கையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பழைய நாலு காலன் தகரமாக இருந்தால் பதினேழு கிலோ வரை தாங்கும். எறிவதற்கு முன் மூடியை மட்டும் ஒரு தடவை திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடி சரியில்லாத தகரம் ஆற்றின் நடுவே போய், சாய்த்துவிட்ட மங்கைப் போலத் தண்ணீரை வாங்கிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும்.